வாட்ஸ்அப்பும் சமூக ஊடகம்தானா? நாமே வகைபிரித்துப் பார்ப்போம்

"எனக்கு ஃபேஸ்புக்கெல்லாம் கிடையாது தம்பி, வாட்ஸ்அப் மட்டும்தான்" என்பார் எங்கள் தெரு அம்மா ஒருவர். மகனுக்கு அனுப்புவதாக நினைத்து, பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைத் தெரு குரூப்பில் போட்டுவிட்டார். நான் ஓடிப்போய் அழிப்பதற்குள், மெசேஜ் இன்ஃபோவில் நாற்பது பேர் பார்த்ததாகக் காட்டியது. பதறிப்போய்விட்டார். புதிதாகப் போன் பிடிப்பவர்களுக்கு, எங்கே போட்டால் யார் யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லித்தர வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது.

படி 1: எழுதுவது யார்?
நாளிதழின் தளத்தில் ஆசிரியர் குழு எழுதுகிறது, நாம் படிக்கிறோம். யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவதும் நாம்தான், பதில் சொல்வதும் நாம்தான். அதுதான் சமூக ஊடகம். இந்திய அரசின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் மெசேஜ் செயலிகளையும் இதில் சேர்க்கின்றன. ஆக, வாட்ஸ்அப்பும் சமூக ஊடகம்தான்.

படி 2: யார் பேசலாம்?
இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை இருக்கலாம்; எல்லோரும் பேசலாம், உங்கள் நம்பரும் அத்தனை பேருக்கும் தெரியும். 2023-இல் வந்த சேனலில் நடத்துபவர் மட்டுமே பேசுவார். பின்தொடரும் மற்றவர்களுக்கு உங்கள் நம்பர் தெரியாது. கம்யூனிட்டி என்பது பல குரூப்புகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவருவது; பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளாக்குக்கு ஒரு குரூப் வைப்பது மாதிரி. 'அட்மின் மட்டும்' பேசும் குரூப்பைச் சேனல் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் உங்கள் நம்பர் தெரியும்.

படி 3: யார் உள்ளே வரலாம்?
பொது (Public), தனிப்பட்டது (Private) என்று ஃபேஸ்புக் குரூப்புகளில் வெளிப்படையாகவே போட்டிருக்கும். வாட்ஸ்அப்பில் அழைப்பு லிங்க்கைக் கவனியுங்கள். அது நாலு இடத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டால், சொந்தக்காரர் குரூப்பும் திறந்த வீடுதான். அட்மினிடம் சொல்லி லிங்க்கை ரீசெட் செய்யச் சொல்லுங்கள்; பழைய லிங்க் செல்லாமல் போய்விடும்.

படி 4: எதற்காகக் கூடினார்கள்?
உறவு, ஊர், தொழில், ஆர்வம் என்று பிரிக்கலாம். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து கட்டுரை எழுதுகிறார்கள். அதை இணையச் சமூகம் என்பேன், சமூக ஊடகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே நடக்கும் பேச்செல்லாம் கட்டுரைக்காகத்தான்.

சரி, இப்போதே உங்கள் போனில் ஒரு குரூப்பைத் திறந்து இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். அப்புறம், அடிக்கடி பேசும் ஆளின் சாட் (chat) எப்போதும் மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்யுங்கள். அந்த அம்மாவின் போனில் முதலில் மகனின் சாட்டுக்கு 'பின்' போட்டுவிட்டு, தெரு குரூப்பைப் பட்டியலில் கண்ணில் படாதபடி ஆர்க்கைவில் (archive) ஒதுக்கிக் கொடுத்தேன்.