செடி உட்காரும் இடத்தில் முதலில் நீங்கள் உட்காருங்கள்

எங்கள் ஹாலில் சோபாவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே ஒரு மூலை இருக்கிறது. அந்த மூலையில் இதுவரை மூன்று செடிகள் செத்திருக்கின்றன. முதலில் ஒரு ரப்பர் செடி, அப்புறம் ஒரு அரேகா பாம், கடைசியாக ஒரு ஃபிடில் லீஃப் ஃபிக். மூன்றையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தது நான்தான். வைத்த அன்று ஒவ்வொன்றும் அந்த இடத்துக்கென்றே பிறந்தது போல இருந்தது. இரண்டாவது மாதம் அடியிலை மஞ்சளாகும். நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றுவேன். அதோடு முடிந்தது.

காரணம் தெரிந்தது தற்செயலாகத்தான். கம்மலின் திருகு உருண்டு போய் அந்த மூலையில் விழுந்தது. தரையில் உட்கார்ந்து தேடினேன். கிடைத்த பிறகு எழுந்திருக்காமல் அப்படியே நிமிர்ந்து பார்த்தேன். எதிரே சோபாவின் முதுகு, அதற்கு மேல் திரையின் ஓரம், அதற்கும் மேல் கூரை. வானம் ஒரு விரற்கடை கூடத் தெரியவில்லை. நின்றால் பளிச்சென்று இருக்கிற அறை, செடியின் உயரத்தில் ஒரு குகை.

இப்போது எந்தச் செடி வாங்குவதற்கு முன்னாலும் நான் செய்கிற முதல் வேலை இதுதான். செடியை வைக்க நினைக்கும் இடத்தில், இலைகள் இருக்கப்போகும் உயரத்தில், என் தலையைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பேன். தரையென்றால் தரையில் உட்காருவேன், அலமாரியென்றால் ஸ்டூலில் ஏறுவேன். அங்கிருந்து வானம் நிறையத் தெரிந்தால் அநேகமாக எந்த வீட்டுச் செடியும் பிழைக்கும். கொஞ்சம் தெரிந்தால் மணி பிளான்ட், பீஸ் லில்லி போன்றவை சமாளிக்கும். வானமே தெரியாவிட்டால் அங்கே வேறு எதையாவது வையுங்கள்.

நம் கண்ணை நம்பி வெளிச்சத்தை அளக்க முடியாது. இருட்டுக்குத் தகுந்தபடி கண்மணி விரிந்து கொடுத்துவிடுகிறது. அதனால் எல்லா மூலையும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம் போலத் தோன்றும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வெட்டவெளியில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். மேகம் மூடிய பகலிலேயே 10,000 பக்கம் இருக்கும். ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு எங்கள் வீட்டில் பார்த்தேன்: ஜன்னல் திண்டில் 2,400, அந்தச் சோபா மூலையில் 90. ஃபோன் காட்டும் எண் துல்லியமானது இல்லை. ஆனால் ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அது போதும். நடுவில் இருந்த தூரம் பத்தே அடி.

செயலியெல்லாம் வேண்டாம் என்றால் ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள். மதிய நேரத்தில், விளக்குகளை அணைத்துவிட்டு, தாளை அந்த இடத்தில் வைத்து அதற்கு ஒரு அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை மாதிரி ஏதோ ஒன்று மங்கலாகத் தெரிந்தால் நடுத்தரம். நிழல் விழுந்ததா இல்லையா என்று யோசிக்க வேண்டியிருந்தால், விட்டுவிடுங்கள்.

திசை பற்றி எல்லோரும் சொல்வதுதான். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் இதமாக வரும், பெரும்பாலான செடிகளுக்கு அது போதும், ஒத்தும் போகும். மேற்கு ஜன்னலில் பிற்பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். மெல்லிய இலைகள் வெளுத்து, திட்டுத்திட்டாகக் கருகும். கற்றாழைக்கு அங்கே கவலை இல்லை. வடக்கா தெற்கா என்பது நீங்கள் நிலநடுக்கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடம் எழும்பி நின்றால் திசை பற்றிய இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இதற்காகவும்தான் வானத்தைப் பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்று, சூரியன் தாழ்ந்து போகும் மாதங்களில் வெயில் அறைக்குள் நீளமாக நுழையும், ஏறியிருக்கும் மாதங்களில் திண்டோடு நின்றுவிடும். ஆறு மாதம் நன்றாக இருந்த செடி திடீரென்று முகம் வாடினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும் என்று நினைத்தும் நான் ஏமாந்திருக்கிறேன். படுக்கையறையில் ஜன்னலை ஒட்டியே உயரமான துணி அலமாரி ஒன்று உண்டு. அதன் தலையில் மஞ்சள் தெளித்த மாதிரி இலைகள் உள்ள ஒரு மணி பிளான்ட்டை வைத்து, கொடியைப் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். ஜன்னலிலிருந்து ஒரு அடிகூட இல்லை. ஆனால் அலமாரியின் தலை ஜன்னல் சட்டத்துக்கு மேலே இருக்கிறது. வெளிச்சம் மேலிருந்து சாய்வாகக் கீழே இறங்குவது. சட்டத்துக்கு மேலே ஏறி வராது. நாலு மாதத்தில் புதிதாக வந்த இலைகளில் மஞ்சள் காணாமல் போய் வெறும் பச்சை. இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டு, கொடி நூல் மாதிரி ஆகிவிட்டது. அதே தொட்டியை ஜன்னலுக்குக் கீழே, தரையில் ஒரு முக்காலி மேல் இறக்கி வைத்தேன். அடுத்து வந்த இலைகளில் மஞ்சள் திரும்பியது. நீண்டுபோன கொடியை மட்டும் வெட்டித் தண்ணீரில் போட்டு வேர் விடவைத்தேன், அது வீணாகவில்லை.

இருட்டு மூலைக்கென்றே ஸ்நேக் பிளான்ட்டும் ஸீஸீ பிளான்ட்டும் இருக்கின்றனவே என்பீர்கள். சரிதான், அவை பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்வது வேறு, வளர்வது வேறு. அங்கே வைத்தால் ஒரு வருடத்துக்கு ஒரு இலை வந்தாலே அதிகம். தண்ணீரும் மாதம் ஒரு முறைக்கு மேல் கேட்காது. அந்த மூலையில் பச்சை வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் மேலே ஒரு எல்இடி விளக்கைப் பொருத்தி, இலைக்கு ஒரு அடி உயரத்தில் தினமும் 12 மணி நேரம் எரியவிடலாம். டைமர் மாட்டிவிட்டால் மறந்துபோகாது. நான் அதைச் செய்யவில்லை. அந்த மூலையில் இப்போது மடக்கு நாற்காலிகள் சாய்ந்திருக்கின்றன.

வெளிச்சத்துக்கு அடுத்தது தண்ணீர் ஊற்றும் கை. ஊற்றுவதற்கு ஸ்டூல் தேவைப்படும் இடத்தில் செடி வைக்காதீர்கள். முதல் மாதம் ஸ்டூல் போடுவோம். இரண்டாவது மாதம் நுனிக்காலில் நின்று குத்துமதிப்பாக ஊற்றுவோம். மூன்றாவது மாதம் அது ஞாபகத்திலேயே இருக்காது. நான் வேலை செய்யும் மேசைக்கு மேல் கொக்கியில் ஒரு ஸ்பைடர் பிளான்ட் தொங்கியது. பார்க்க ஜோர். ஒரு நாள் அவசரமாக ஊற்றியதில் அடித்துளை வழியாக மண்ணும் தண்ணீருமாகக் கீபோர்டில் இறங்கியது. இப்போது அது பால்கனிக் கதவோரம், என் நெஞ்சளவு உயரத்தில் தொங்குகிறது.

எடையையும் யோசியுங்கள். ஒரு அடி அகலத் தொட்டி ஈர மண்ணோடு 15, 20 கிலோ சுலபமாக வந்துவிடும். மெல்லிய பலகைத் தட்டும் சுவரில் அடித்த ஒற்றை ஆணியும் அதற்கு ஆகாது. துளை இல்லாத அழகுத் தொட்டியில் நேராக மண் போட்டு நடுவதும் வேண்டாம். நர்சரி பிளாஸ்டிக் தொட்டியோடு அதற்குள் இறக்கி வையுங்கள். தண்ணீர் ஊற்றி அரை மணி கழித்து உள் தொட்டியைத் தூக்கி, தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வேர் அழுகாது. வீட்டு அலங்காரத்தை மாற்றத் தோன்றினால் உள்தொட்டியை மட்டும் எடுத்து வேறொன்றில் மாட்டிக்கொள்ளலாம், இதில் எனக்கு ரொம்பச் சௌகரியம்.

காற்றும் சூடும் சொல்லாமல் கொள்ளாமல் செடியைக் கெடுக்கும். ஏசியின் வாய்க்கு நேரே வைத்த கலத்தியா என்ற செடியின் இலை நுனிகள் பத்து நாளில் காய்ந்த காகிதம் மாதிரி சுருண்டன. அடுப்பின் அருகிலும், ஃபிரிட்ஜ் சூடான காற்றை விடும் பக்கத்திலும் வைக்க வேண்டாம். ஆட்கள் உரசிக்கொண்டு போகும் நடைவழியில் வைத்தால் இலை ஓரம் கிழிந்துகொண்டே இருக்கும். குளியலறையில் ஜன்னல் இருந்தால் பெரணிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜன்னல் இல்லாத குளியலறைக்கு பிளாஸ்டிக் செடிதான்.

படுக்கையறையில் செடி வைத்தால் இரவில் மூச்சு முட்டும் என்று என் அக்கா இன்னும் நம்புகிறாள். ஒரு தொட்டி இரவில் விடும் கரியமில வாயு, பக்கத்தில் தூங்கும் ஆள் விடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதே அக்காதான் ஸ்நேக் பிளான்ட் காற்றைச் சுத்தம் செய்யும் என்று எனக்கு ஒன்று கொடுத்தாள். அந்தப் பேச்சு 1989-இல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. அது மூடி அடைத்த சின்னப் பெட்டிகளுக்குள் செய்த சோதனை. வீட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. 2019-இல் வெளிவந்த ஒரு மறுஆய்வு, அந்தக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை தேவை என்று கணக்குப் போட்டது. அப்புறம் படுக்க எங்கே இடம்? செடியைப் பார்க்கப் பிடிக்கிறது என்பதற்காகவே வையுங்கள்.

வீட்டில் பூனையோ நாயோ தவழும் குழந்தையோ இருந்தால் வெளிச்சக் கணக்கோடு இதையும் சேர்க்க வேண்டும். மணி பிளான்ட், டீஃபன்பேக்கியா, பீஸ் லில்லி மூன்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். நிஜ லில்லி வகைகள் பூனையின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும், அவை வீட்டுக்குள்ளேயே வேண்டாம். ஸ்பைடர் பிளான்ட்டும் அரேகா பாமும் பயமில்லாதவை. எங்கள் பூனை ஸ்பைடர் பிளான்ட்டின் நுனிகளை வாரா வாரம் கத்தரித்துத் தருகிறது.

அழகுக்கு வருவோம். இவ்வளவு கழித்த பிறகு எங்கள் வீட்டில் மிஞ்சியது ஐந்தே இடங்கள். உங்களுக்கும் அப்படித்தான் வரும், அதில் ஏமாற்றம் வேண்டாம். இடம் குறைவாக இருந்தால் அங்கங்கே ஒன்றாகச் சிதறுவதை விட நல்ல வெளிச்சமுள்ள ஒரு இடத்தில் சேர்த்து வைப்பது எடுப்பாக இருக்கும். எங்கள் கிழக்கு ஜன்னலில் தரையில் இடுப்புயரத்துக்கு ஒரு ரப்பர் செடி, அதன் பக்கத்தில் முக்காலி மேல் அந்த மணி பிளான்ட், முன்னால் தாழ்வாக ஒரு பெரணி. ஒன்று அகல இலை, ஒன்று தொங்கும் கொடி, ஒன்று பொடி இலை. தொட்டிகள் மட்டும் மூன்றும் மண் நிறம். தொட்டிகள் ஆளுக்கொரு வண்ணமாக இருந்தபோது கண் அவற்றுக்குத்தான் போனது. ஒற்றைப்படை எண்ணிக்கையில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு விதி சொல்வார்கள். நான் இரண்டும் வைத்துப் பார்த்தேன், நாலும் வைத்துப் பார்த்தேன், உயரம் வேறுவேறாக இருந்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

பின்னால் இருக்கும் சுவர் வெறுமையாக இருக்கட்டும். பூப்போட்ட திரைக்கு முன்னால் பெரணி இருப்பதே தெரியாது. நீங்கள் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள், வாசலில் நின்று பார்த்து அல்ல. விருந்தாளி பார்ப்பது ஒரு நிமிடம். பீஸ் லில்லியைக் கண்ணெதிரே வைத்தால் இன்னொரு லாபமும் உண்டு: தாகமெடுத்தால் அப்படியே துவண்டு தொங்கிக் காட்டிவிடும், ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும்.

வைத்த பிறகு செடிகள் வெளிச்சம் வரும் பக்கமே சாயும். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் வட்டம் திருப்புங்கள். திருப்புகிற திசையை மாற்றாதீர்கள். நான் தொட்டியின் விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், இல்லாவிட்டால் போன வாரம் திருப்பினேனா என்பதே மறந்துபோகும். புது இடத்துக்கு வந்த முதல் சில வாரங்களில் சில இலைகள் உதிரும், ரப்பர் செடி, ஃபிடில் லீஃப் ஃபிக் போன்ற ஃபைக்கஸ் வகைகள் தாராளமாகவே உதிர்க்கும். பயந்துபோய் உடனே வேறு இடத்துக்குத் தூக்கினால் அங்கேயும் உதிர்க்கும். கொஞ்சம் பொறுங்கள். நுனியில் புதுத் தளிர் சுருட்டிக்கொண்டு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம்.