அதே கோளாறுக்கு நாலாவது தடவை: ஒர்க்‌ஷாப் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புளியரை எஸ் வளைவில் ஏறும்போது காரின் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. குடும்பத்தோடு ஆரியங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓரமாக நிறுத்தி பானெட்டைத் தூக்கினால் குபுகுபுவென்று ஆவி. அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் அதே கோளாறுக்காக மூன்று முறை ஒரே ஒர்க்‌ஷாப்பில் விட்டு எடுத்த வண்டி அது. மூன்று முறையும் "முடிஞ்சிருச்சு அண்ணாச்சி, இனிமே தைரியமா ஓட்டுங்க" என்றுதான் மெக்கானிக் சாவியைக் கையில் கொடுத்தார். முதலில் தெர்மோஸ்டாட் (சூடு ஏறியதும் திறந்து கூலன்ட்டை ஓட விடும் வால்வு), அடுத்து ஃபேன் மோட்டார், அப்புறம் ரேடியேட்டர். மொத்தம் 27,000 ரூபாய் போயிருந்தது.

கடைசியில் வேறொரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் சொன்னார்: ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு, போயிருக்கிறது.

அந்த மூன்று தடவையில் இரண்டையாவது நான் தடுத்திருக்க முடியும். தடுக்காததற்குக் காரணம் முகதாட்சண்யம். தெரிந்த மனிதர், வீட்டு விசேஷத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். அவரிடம் போய் "எழுதிக் கொடுங்க" என்று எப்படிக் கேட்பது? பாளையங்கோட்டையானாலும் அம்பாசமுத்திரமானாலும் வள்ளியூரானாலும் நம் பக்கத்தில் மெக்கானிக் என்பவர் யாரோ ஒருவர் அல்ல, யாராவது சொல்லி அனுப்பிய ஆள். நல்ல மெக்கானிக்குக்கு அந்த உறவு பெரிய பலம். ஏமாற்றுகிறவர் கையில் அதே உறவு நம் வாயைக் கட்டிப்போடும்.

கோளாறைச் சொல்லாமல் பார்ட்டைச் சொல்வது

முதல் தடவை நான் போய்ச் சொன்னது, "தெர்மோஸ்டாட் போயிருக்கும்போல, மாத்திருங்க." அலுவலகத்தில் ஒருவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். இது பெரிய தவறு. இன்ன பார்ட்டை மாற்று என்று நாமே சொல்லிவிட்டால், மாற்றிக் கொடுத்ததோடு அவர் பொறுப்பு முடிந்தது. "நீங்கதானே மாத்தச் சொன்னீங்க" என்று பிறகு கேட்பார். கேட்கவும் கேட்டார்.

சொல்ல வேண்டியது அறிகுறியை. எப்போது, எங்கே, எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஏசி போட்டிருந்தபோதா, ஆள் ஏறியிருந்தபோதா? வண்டி சூடாகும் விஷயத்தில் இந்த விவரம்தான் பாதி வைத்தியம். வண்ணாரப்பேட்டை நெரிசலில் நின்று நின்று போகும்போது சூடாகி, நாகர்கோவில் நான்கு வழிச்சாலையில் காற்று வாங்கியதும் முள் இறங்கினால், ஃபேன் பக்கம் சந்தேகப்படலாம். ஊருக்குள் ஒன்றும் செய்யாமல், வேகத்திலும் ஏற்றத்திலும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் என்று தேட வேண்டும். என் வண்டி இரண்டாவது வகை. ஆனாலும் ஃபேன் மோட்டாரை மாற்றினார்கள். அறிகுறியை நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வண்டியின் பழைய கதையையும் மறைக்கக் கூடாது. போர் தண்ணீரையே பல வருஷம் ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் அதைச் சொல்லுங்கள்; உப்புப் படிந்து உள்ளே அடைத்திருக்கும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் அதையும் சொல்லுங்கள். தண்ணீர் பார்த்த கனெக்டரில் பச்சைப் பாசிபோல அரிப்பு ஏறி, மாதக் கணக்கு கழித்துக்கூட ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. இது தெரியாத மெக்கானிக் நல்ல சென்சாரை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்பார்.

"பாத்துப் பண்ணுங்க"

இந்த இரண்டு வார்த்தை எனக்கு எத்தனை ஆயிரம் செலவு வைத்தது என்று எனக்குத்தான் தெரியும். வண்டியை விட்டுவிட்டு வரும்போது ஜாப் கார்டு, அதாவது என்ன கோளாறு, என்ன வேலை என்று எழுதிய சீட்டு, கேளுங்கள். சின்ன ஷெட்டில் அச்சடித்த ஜாப் கார்டு இருக்காது, பரவாயில்லை. அவர் முன்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று காலை 10 மணிக்கு வண்டியை விட்டேன். மீட்டர் 84,310. ஏற்றத்தில் சூடாகிறது. சோதித்துப் பார்த்துக் காரணத்தையும் செலவையும் சொன்ன பிறகு வேலையை ஆரம்பிக்கவும்." அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். கேட்கச் சங்கடமாக இருந்தால், "ஞாபகத்துக்கு அனுப்பியிருக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொள்ளலாம். யாருக்கும் மனம் நோகாது, தேதியோடு ஆதாரமும் இருக்கும்.

பில் கேட்காமல் இருப்பதும் இதே தாட்சண்யம்தான். "பில் போட்டா ஜிஎஸ்டி வரும், எதுக்கு வீணா" என்பார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய ஒர்க்‌ஷாப் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது உண்மை. அதற்காகப் பில்லே கிடையாது என்று ஆகாது. பார்ட் தனி, லேபர் தனி என்று பிரித்து, கையெழுத்துப் போட்ட சாதாரண பில் போதும். பில் தராமல் இருப்பதையே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஜிபே, போன்பே என்று எதில் செலுத்தினாலும் அந்தப் பதிவையும் அழிக்காதீர்கள்.

பழைய சாமானை அங்கேயே விட்டுவிட்டு வருவது

கழற்றிய பார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். புதிய பார்ட் வந்த அட்டைப் பெட்டியையும் வாங்குங்கள். பார்ட் எண்ணும் விலையும் அதில் இருக்கும், டூப்ளிகேட் சந்தேகம் வந்தால் அதுதான் துப்பு. என் பழைய தெர்மோஸ்டாட்டை யாரோ ஒரு பையன் பின் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டிருந்தான். புளியரை சம்பவத்துக்குப் பிறகு அதை எடுத்து, அடுப்பில் தண்ணீர் வைத்து உள்ளே போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் 80 டிகிரியைத் தாண்டியதும் திறக்க ஆரம்பிக்கும். தண்ணீர் கொதி வருவதற்குள் அது அழகாகத் திறந்தது. ஆறியதும் மூடியது. ஒரு குறையும் இல்லாத சாமானைக் கழற்றி வீசியிருக்கிறார்கள். அடுப்பு முன்னால் நின்றபோது வந்த கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஸ்கேனர் போட்டுப் பார்த்ததாகச் சொன்னால் அந்தத் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் வரும் கோளாறுக் குறியீடு (கோட்) எந்தப் பகுதியில் சிக்கல் என்றுதான் காட்டும். எந்தப் பார்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. வயர் அறுந்திருந்தாலும் சென்சார் குறியீடுதான் வரும். இன்னொன்று, ஸ்கேனரில் குறியீட்டை அழித்தாலே டாஷ்போர்டு விளக்கு அணைந்துவிடும். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து மறுபடி எரியும். விளக்கு அணைந்தது என்பதால் வேலை முடிந்தது என்று நம்பிவிடாதீர்கள்.

தெருமுனை வரை டிரையல்

கோளாறு எங்கே வருமோ அங்கே ஓட்டிப் பார்க்காத டிரையல் டிரையலே இல்லை. ஏற்றத்தில் சூடாகும் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிவிட்டு "பாருங்க, முள் அசையல" என்றால் எப்படி அசையும்? மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். பணம் அதற்குப் பிறகு.

கோளாறு தீராத வண்டியை "எப்படியும் அவர்கிட்டதான் போகப்போகிறோம்" என்று தொடர்ந்து ஓட்டுவது பணத்தோடு இன்ஜினையும் தின்னும். சூடேறிச் சூடேறி அலுமினிய ஹெட் வளைந்துபோகும். கேஸ்கட்டோடு முடிந்திருக்க வேண்டிய என் வேலை, ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேஸிங் போட்டு, அதாவது சீவிச் சமப்படுத்தும் வரை போனது. முள் ஏறினால் அப்போதே நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

சண்டை போட்டு வண்டியை எடுத்து வருவது

மூன்றாவது தடவை பணம் கட்ட மாட்டேன் என்று நின்றேன். அவர் சாவியைத் தர மாட்டேன் என்றார். அப்போது எனக்குத் தெரியாத ஒன்று: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவின்படி, பொருளில் உழைப்பைச் செலுத்தி ஒப்புக்கொண்டபடி வேலை செய்தவர், கூலி வரும் வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். வேலையே சரியில்லை என்பது நம் வாதம். ஆனால் அதை ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று நிரூபிக்க முடியாது. வாசலில் கத்தினால் கோளாறு மறந்துபோகும், யார் என்ன வார்த்தை பேசினார் என்பதுதான் ஊரில் நிற்கும். பணத்தைக் கட்டிவிட்டு, "கோளாறு தீரவில்லை, ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று பில்லிலேயே எழுதி ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். அதே வரியை வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்து வேறொருவரிடம் காட்டும்போது நம் ஆட்கள் அவசரப்படுவது வழக்கம். புதிய மெக்கானிக் கழற்றி மாட்டி ஓட வைத்துவிட்டால் வண்டி கிடைக்கும், பழைய தவறுக்கான தடயம் போய்விடும். கழற்றுவதற்கு முன் சோதனை, சோதனை முடிவு எழுத்தில், அப்புறம்தான் ஸ்பேனர். எனக்கு அந்த இரண்டாவது மெக்கானிக் செய்தது எளிய சோதனை. நீல நிறத் திரவம் உள்ள ஒரு கண்ணாடிக் குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓட விட்டார். சிலிண்டரில் எரிந்த புகை கூலன்ட்டுக்குள் கசிந்தால் அந்தத் திரவம் நிறம் மாறும். மாறியது. அதை நான் வீடியோ எடுத்தேன். "ஹெட் கேஸ்கட் கசிவு, முன்பு மாற்றிய மூன்று பார்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று அவர் தன் லெட்டர்பேடில் தேதி, வண்டி எண், மீட்டர் அளவு போட்டு எழுதிக் கொடுத்தார். இன்னொரு மெக்கானிக்கைப் பற்றி எழுதித் தர எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். முந்தையவரைக் குறை சொல்லும்படி கேட்காதீர்கள்; வண்டியில் கண்டதை மட்டும் எழுதித் தரக் கேளுங்கள்.

காலத்தைக் கடத்துவது

"சரி விடு, போனது போகட்டும்" என்று வீட்டில் சொல்வார்கள். விட வேண்டாம். முதலில் ஒரு பக்கக் கடிதம்: எந்தெந்தத் தேதியில் என்ன வேலை, எவ்வளவு பணம், இப்போது கண்டுபிடித்த காரணம், எவ்வளவு திருப்பிக் கேட்கிறீர்கள், பதிலுக்கு 15 நாள் அவகாசம். வசவு ஒரு வார்த்தை வேண்டாம். பில், அறிக்கை நகலோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்த விவரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் ஒரு நகல் போகட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். கொடுத்த பணம் 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முடியும். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை, நாமே வாதிடலாம். ஒர்க்‌ஷாப் மதுரையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே மனுச் செய்யலாம். சொந்த வண்டியை வாடகைக்கு ஓட்டி அதில்தான் குடும்பம் நடத்துகிறேன் என்கிற டிரைவர் தனக்கு இது பொருந்தாது என்று ஒதுங்கிவிட வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு ஓட்டுகிறவரும் இந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். காவல் நிலையத்துக்குப் போய் நாள் போக்குகிறவர்களைப் பார்க்கிறேன். சரியாகப் பழுது பார்க்கவில்லை என்பது பெரும்பாலும் சிவில் விவகாரம், அங்கே பேசி அனுப்பிவிடுவார்கள்.

என் கடிதம் போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாமே அண்ணாச்சி, எதுக்கு லெட்டர்லாம்" என்றார். மூன்று முறை வந்து பேசினேனே என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. தெர்மோஸ்டாட், ஃபேன் மோட்டார் இரண்டுக்கும் வாங்கிய பணத்தையும் லேபரையும் அந்த வாரமே அனுப்பினார். ரேடியேட்டர் பழசுதான், மாற்றியதில் தவறில்லை என்று அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். பணம் வந்ததும், கணக்கு முடிந்தது என்று இரண்டு வரி எழுதி அவருக்கு அனுப்பி வைத்தேன்.