பத்தாலஜியில் முதல் ஆய்வுக் கட்டுரையை எழுதுவது எப்படி

நோயுற்ற திசுவை மைக்ராஸ்கோப்பில் படிக்கும் எங்கள் பத்தாலஜி துறையில், மாதத்துக்கு ஒரு பி.ஜி.யாவது (முதுநிலை மாணவராவது) என் அறைக்கு வந்து, "மேடம், பப்ளிகேஷனுக்கு ஒரு டாபிக் சொல்லுங்க" என்று கேட்பார். "போன மாதம் நீங்கள் கிராஸ் செய்த, அதாவது வெறும் கண்ணால் பார்த்து வெட்டிய, ஸ்பெசிமன்களில் எது உங்களைத் தூங்கவிடவில்லை?" என்று திருப்பிக் கேட்பேன். டாபிக் அந்தப் பதிலுக்குள் இருக்கும்.

என்னைத் தூங்கவிடாதது மார்பகம். நான் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த இடத்தில், சனிக்கிழமை மதியம் புற்றுநோய்க்காக ஆபரேஷனில் எடுத்த மார்பகம் முழுசாக, கத்தி படாமல், ஃபார்மலின் வாளியில் கிடந்து திங்கட்கிழமை காலை எங்கள் மேசைக்கு வரும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் இறங்கும். மேல்தோல் விறைத்திருக்கும், நடுவில் இருக்கும் கட்டி குழைந்து போயிருக்கும். அதில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் சோதனை (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம் கட்டியில் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்தால் நெகட்டிவ் என்று வரும். உண்மையிலேயே நெகட்டிவா, திசு கெட்டுப்போனதால் வந்த நெகட்டிவா? நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு, ரிசெப்டர் பாசிட்டிவ் என்றால் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை கிடைக்காமல் போகலாம். இந்தக் கேள்வியோடு இரண்டு வருடம் அலைந்தேன். அப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கினேன்.

நீங்களும் முதலில் அதைத்தான் வாங்க வேண்டும். கம்ப்யூட்டரில் எக்செல் போதும் என்பவர்கள் உண்டு. ஆனால் கிராஸிங் மேசையில் ஈரக் கையுறையோடு நிற்கும்போது கைக்கு எட்டுவது நோட்டுதான். பயாப்சி எண், உடலிலிருந்து எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம், ஃபார்மலின் உள்ளே இறங்க ஆபரேஷன் தியேட்டரிலேயே கீறிவிட்டார்களா, நான் கிராஸ் செய்த நேரம், ரிசெப்டர் ஸ்கோர் என்று கட்டம் போட்டேன். கடைசிக் கட்டம் ரொம்ப முக்கியம்: அதே ஸ்லைடில் இருக்கும் சாதாரண பால்குழாய் செல்கள் நிறம் ஏற்றிருக்கின்றனவா? அவற்றில் சில இயல்பாகவே நிறம் ஏற்கும்; அவையும் வெறுமையாக இருந்தால் அந்த நெகட்டிவை நம்ப முடியாது. நோயாளியின் பெயரை நோட்டில் எழுதவில்லை, எண் மட்டும்தான். எடுத்த நேரத்தை எந்தப் படிவத்திலும் யாரும் குறிப்பதில்லை என்பதால் தியேட்டருக்கே போய் சிஸ்டரிடம் கேட்டேன். "எழுதி அனுப்புறேன் மேடம், ஆனா நீங்க ஒரு கடிகாரம் மாட்டிக் கொடுங்க" என்றார். மாட்டிக் கொடுத்தேன்.

பெரிய லேப், பெரிய கிராண்ட் (ஆய்வு நிதி) இருந்தால்தான் ஆய்வு என்று நினைப்பவர்களுக்கு ராபின் வாரனைப் பற்றிச் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் நம்மைப் போலத் தினமும் பயாப்சி ரிப்போர்ட் செய்த பத்தாலஜிஸ்ட் அவர். 1979 ஜூனில், தன் 42ஆவது பிறந்தநாளன்று, இரைப்பை பயாப்சி ஒன்றின் மேற்பரப்பில் நீல நிறக் கோடு ஒன்றைப் பார்த்தார். வார்த்தின்-ஸ்டாரி வெள்ளிச் சாயம் ஏற்றியபோது அந்தக் கோட்டில் இருப்பவை வளைந்த பாக்டீரியாக்கள் என்பது தெளிந்தது. அமிலம் நிறைந்த இரைப்பையில் பாக்டீரியா வாழாது என்பதுதான் அன்றைய பாடம். அதற்காக அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வழக்கமாக வரும் பயாப்சிகளிலேயே தேடித் தேடி இரண்டு வருடம் கேஸ்களைச் சேர்த்தார். 1981இல் பயிற்சி மருத்துவரான பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார்; 100 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். 1983 ஜூனில் லான்செட் மருத்துவ இதழில் ஆளுக்கொரு கடிதம், 1984இல் முழுக் கட்டுரை, வயிற்றுப் புண்ணில் அந்த பாக்டீரியாவின் பங்கைக் காட்டியதற்கு 2005இல் நோபல் பரிசு. ஒரு கடிதத்தில் தொடங்கிய பப்ளிகேஷன் ரெக்கார்டு அது. ஆகவே, உங்கள் முதல் படைப்பு ஆசிரியருக்குக் கடிதமாகவோ கேஸ் ரிப்போர்ட்டாகவோ இருந்தால் தாழ்வாக நினைக்காதீர்கள்.

கேள்வி கிடைத்ததும் எத்திக்ஸ் கமிட்டிக்குப் போங்கள். கட்டுரை எழுதி முடித்தபின் அனுமதி வாங்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அது தவறு, ஆய்வு தொடங்கிய தேதியையும் அனுமதித் தேதியையும் ஜர்னல் ஒப்பிட்டால் அங்கேயே நின்றுவிடும். பழைய பிளாக்குகளில் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகளில்) செய்யும் ஆய்வுக்கு, தனித்தனி ஒப்புதலிலிருந்து விலக்கு கேட்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டு நெறிகள் இடம் தருகின்றன. கேஸ் ரிப்போர்ட் என்றால் நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். இன்னொன்று, பிளாக்கைத் தீர்த்துவிடாதீர்கள். நாளைக்கு அந்த நோயாளிக்கு நோய் திரும்பி வந்தால் புதுச் சோதனை செய்ய அந்தத் துண்டுதான் இருக்கும். நம் கட்டுரையைவிட அது பெரிது.

ஸ்லைடைத் தனியாகப் படித்து முடிவு எழுதாதீர்கள். இன்னொருவரும் படிக்க வேண்டும். உங்கள் ஸ்கோர் அவருக்குத் தெரியக் கூடாது. இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்பதை கப்பா என்ற எண்ணால் சொல்வார்கள். 1960இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த கணக்கு அது. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும். கப்பா குறைவாக வந்தால் மறைக்காதீர்கள். எந்த ஸ்லைடுகளில் முரண்பட்டோம் என்று உட்கார்ந்து பாருங்கள். எங்கள் முரண்பாடு பெரும்பாலும் திசு கெட்டிருந்த ஸ்லைடுகளில்தான் என்று தெரிந்தபோது என் கட்டுரைக்கே உயிர் வந்தது.

படங்களில் அளவுக்கோடு போடுங்கள். ×400 என்று மட்டும் எழுதினால், படத்தை அச்சில் சுருக்கியதும் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஸ்லைடு லேபிளில் இருக்கும் எண் படத்தில் தெரியக் கூடாது.

எழுதும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணைகளை முதலில் போடுங்கள், பிறகு செய்முறை, பிறகு முடிவுகள். முன்னுரையை மூன்று பத்திக்குள் நிறுத்துங்கள். சுருக்கம் கடைசியில்.

யார் பெயரைப் போடுவது என்பதில்தான் துறைகளில் மனஸ்தாபம் வரும். சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு வகுத்த நிபந்தனைகள் நான்கு: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்குச் சம்மதம், முழு வேலைக்கும் பொறுப்பேற்பது. நான்கும் பொருந்தியவர் மட்டுமே ஆசிரியர். ஸ்லைடு வெட்டிக் கொடுத்த டெக்னீஷியனுக்கு நன்றி சொல்லுங்கள். அவரே ஆய்வை வடிவமைத்து, மற்ற மூன்றும் பொருந்தினால் அவரையும் ஆசிரியராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலையைத் தொடங்கும் நாளிலேயே இந்தப் பேச்சைப் பேசி முடித்துவிடுங்கள்.

ஜர்னல் தேர்வில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். என்னைப் புகழ்ந்து ஒரு மெயில் வந்தது. அனுப்பிய நான்காம் நாளே ஏற்றுக்கொண்டார்கள். ரெவ்யூ (மற்ற நிபுணர்களின் மதிப்பீடு) என்று ஒரு வரி இல்லை. பணம் கட்டினேன். சில வருடங்களில் அந்த இணையதளமே இல்லை, கூடவே என் கட்டுரையும் இல்லை. ஜர்னல் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாமல், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். நம் நாட்டு பத்தாலஜி சங்கம் நடத்தும் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பத்தாலஜி அண்ட் மைக்ரோபயாலஜி' போன்ற, துறையில் எல்லோரும் படிக்கும் இதழிலிருந்து தொடங்கலாம்.

அடுத்தது பெயர். தமிழர்கள் இதை முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் முதலெழுத்துதான். ஜர்னல் படிவமோ கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். ஒரு கட்டுரையில் அப்பா பெயரை முழுதாகப் போட்டேன், இன்னொன்றில் ஒற்றை எழுத்தை. திருமணத்துக்குப் பின் வந்த ஒன்றில் சக ஆசிரியர் என் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டார். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் நான் மூன்று பேர். பதவி உயர்வு நேரத்தில் மூவரும் நானே என்று நிரூபிக்க ஒரு கட்டுக் காகிதம் கொண்டுபோனேன். ஒரே வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை மாற்றாதீர்கள். 2012இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை, அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணை, இன்றைக்கே வாங்கி, ஒவ்வொரு கட்டுரையோடும் கொடுங்கள்.

ஹெச் இண்டெக்ஸ் பற்றியும் கேட்பார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு: தலா 8 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட 8 கட்டுரைகள் இருந்தால் உங்கள் எண் 8. படிவத்தில் நிரப்புங்கள், அதற்காகக் கட்டுரையைத் துண்டு போடாதீர்கள்.

ரெவ்யூவர் கடிதம் வந்தால் ஒருநாள் ஆறப்போடுங்கள். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே எழுதி, கீழே பதிலும், மாற்றிய வரியும் பக்க எண்ணும் கொடுங்கள். என் மார்பகக் கட்டுரைக்கு ஒருவர், "கீறிய ஸ்பெசிமன்களைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியுமா?" என்று கேட்டிருந்தார். முதலில் கோபம் வந்தது. பிரித்துப் பார்த்ததும் கட்டுரையின் சிறந்த அட்டவணை அதுவே ஆனது. அதை சர்ஜரி துறைக் கூட்டத்தில் காட்டினேன். ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின், அதில் 6 முதல் 72 மணி நேரம் ஃபிக்சேஷன் (திசுவை ஊறவைத்துப் பதப்படுத்துவது) என்ற வரையறையைத் தியேட்டர் சுவரில், அந்தக் கடிகாரத்துக்குக் கீழேயே ஒட்டினார்கள். இப்போது சனிக்கிழமை மதியம் எங்கள் டூட்டி பி.ஜி. மேலே போய், மார்பகத்தைக் கீறி ஃபார்மலினில் போட்டு, படிவத்தில் நேரம் எழுதிவிட்டு வருகிறார்.