புதுக் கிட்டார் வாங்குவதற்கு முன்

ஹட்டனில் என்னிடம் பழக வரும் பிள்ளைகள் மூன்றாம் கிழமையே கேட்டுவிடுவார்கள்: "சேர், இதைவிட நல்ல சத்தம் வர எந்தக் கிட்டார் வாங்கலாம்?" பதில் சொல்லமாட்டேன். அவர்களுடைய கிட்டாரையே வாங்கி, ஒரே கம்பியை, கம்பிகளைக் கிட்டாரின் உடலோடு பிணைக்கிற பிரிட்ஜ் கட்டைக்குப் பக்கத்தில் ஒருமுறை, துளைக்கு மேலே ஒருமுறை, இடது கை விரல் அழுத்துகிற ஃபிரெட்போர்டு முடியும் இடத்தில் ஒருமுறை தட்டிக் காட்டுவேன். முதலாவது கூர்மையாகக் குத்தும், கடைசியானது குழைந்து வரும். ஏ.எல். பௌதிகவியலில் படிக்கிற மேற்றொனிகள்தான், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்தான், காரணம். பிரிட்ஜ் ஓரம் தட்டினால் அவை நிறையக் கிளம்பும். கம்பியின் நடுவை நோக்கி நகர நகர அடங்கி, அடிச்சுரம் முன்னுக்கு வரும். ஒரு பாட்டை இந்த மூன்று இடத்திலும் வாசித்துப் பழகுங்கள்.

அப்புறம் விரல். நகத்தால் தட்டினால் பளிச்சென்று கேட்கும், சதையால் தட்டினால் மென்மை. பைலா ரிதத்துக்கு 0.5 மி.மீ. பிக் (கம்பி தட்டும் சிறு தகடு) போதும், தனிச்சுரம் வாசிக்க 1 மி.மீ. பிடியுங்கள். இடது கை விரல் ஃபிரெட்டை, அதாவது ஃபிரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பியை, ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தட்டும். தள்ளி அழுத்தினால் கம்பி இரையும்.

சரி, மரத்துக்கு வருவோம். சத்தத்தில் பெரும் பங்கு மேற்பலகைக்கு, அதாவது துளை இருக்கிற முன்பக்கப் பலகைக்கு. ஸ்புரூஸ் விறைப்பானது, பலமாக அடித்தாலும் தாங்கும். சீடர் மெல்லத் தொட்டாலே பேசும். ஒட்டுப்பலகையா, முழுப்பலகையா என்று அறியத் துளையின் விளிம்பைப் பாருங்கள்: மேலே தெரிகிற மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்து இறங்கினால் முழுப்பலகை. உள்ளே எக்ஸ் வடிவச் சட்டங்கள் இருந்தால் பெரும்பாலும் உருக்குக் கம்பிக் கிட்டார். விசிறிபோல் விரிந்தால் நைலோன் கம்பிக்கானது. விசிறிச் சட்டக் கிட்டாரில் உருக்குக் கம்பி பூட்டாதீர்கள், இழுவையில் பிரிட்ஜே பெயர்ந்து வரும்.

எங்கள் பக்கத்துப் பெரிய வில்லன் ஈரம்தான். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது. நுவரெலியா மூடுபனியில் அதெல்லாம் கனவு. மரம் ஊதி, மேற்பலகை எழும்பி, கம்பி உயர்ந்து, சத்தம் மந்தமாகும். தோட்டத்து லயன் வீட்டுச் சுவரில் தொங்கவிடாதீர்கள், அடுப்படியிலும் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். வாசித்ததும் கம்பியைத் துடையுங்கள்; துருப்பிடித்த கம்பியில் எந்த மரமும் பாடாது.

கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று, பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். உருக்குக் கம்பிக் கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லியதற்கு 2 மி.மீ. அளவு வசதி. அதிகமானால் முதலில் கழுத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாடிலின், அதாவது பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டின், அடிப்பக்கத்தைத் தேய்க்கலாம்: அங்கே 1 மி.மீ. குறைத்தால் பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அரை மி.மீ. இறங்கும். ஆனால் பழைய சாடிலில் கை வைக்காதீர்கள். எலும்பில் செய்த புதியதொன்றை வாங்கித் தேயுங்கள். வரண்ட மாதங்களில் மரம் சுருங்கிக் கம்பி இரையத் தொடங்கினால் பழையதைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.