அம்பாசடர் பிளாக்ல எம்ஜிபி ஹெட்: லேத்துக்குப் போறதுக்கு முன்னாடி

போன ஞாயித்துக்கிழமை மேற்கு மாம்பலத்துல தெரிஞ்ச தம்பி ஒருத்தன் வீட்டுக்குப் போயிருந்தேன், அம்பாசடர் பானெட்டைத் தொறந்து ஹெட்டைக் கழட்டி, போர் (பிஸ்டன் ஏறி எறங்குற ஓட்டை) மேல பழைய பனியனைப் போட்டு மூடி வெச்சிருந்தான். மாட்டப் போற எம்ஜிபி ஹெட் எங்கடான்னு கேட்டா "பேஸிங் அடிக்கக் குடுத்திருக்கேண்ணே, 60 தௌ எடுக்கச் சொல்லிட்டேன்"னான். பேஸிங்னா ஹெட்டோட அடிப்பக்கத்தைச் சமமாச் சீவறது, ஒரு தௌ-ன்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. அதே 60 தௌ, எட்டு வருஷம் முன்னாடி என் ஹெட்டுக்கு நான் லேத்ல சொன்னது.

டார்க் ரெஞ்ச் வேணும், பழைய கேஸ்கட்டை (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல வர்ற தகடு) திரும்பப் போடக்கூடாது, இதெல்லாம் எழுதப் போறதில்ல. அது தெரியலைன்னா ஹெட்டுல கையே வெக்காதீங்க.

வெச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி பேஸிங் அடிக்கறது

அம்பாசடரோட பழைய பெட்ரோல் இன்ஜின் பிஎம்சி பி-சீரிஸ், 1489 சிசி, போர் 73 மிமீ, ஸ்ட்ரோக் 89 மிமீ. அதே குடும்பத்துல 1962-ல வந்த எம்ஜிபி, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், 1798 சிசி, போர் 80 மிமீ. வால்வ் பெருசு, நல்லா மூச்சு விடும், அதுக்குத்தான் எல்லாரும் அந்த ஹெட்டைத் தேடி அலையறோம். பிளாக் மேல வெச்சா அது பாட்டுக்கு உக்காந்துடும், அங்கதான் ஏமாந்து போறோம்.

கணக்கு இப்படி. 1489-ல ஒரு சிலிண்டருக்கு 372 சிசி. பிஸ்டன் உச்சியில நிக்கும்போது மேல மிச்சமிருக்க இடம் 51 சிசின்னு வெச்சுக்கோங்க, கம்ப்ரஷன் (372-ஐயும் 51-ஐயும் கூட்டி 51-ஆல வகுத்தா) 8.3 வரும். பெரிய ஹெட்ல சேம்பர் (பெட்ரோல் எரியற குழி) 5 சிசி கூடன்னா 56 ஆயிடும், கம்ப்ரஷன் 7.6-க்கு எறங்கிடும். பெரிய ஹெட் மாட்டியும் வண்டி சவசவன்னு ஓடும். அப்ப என்ன பண்ணுவோம், ஹெட்டைச் சீவி சேம்பரைச் சின்னதாக்குவோம். கணக்கு தப்பில்ல, பண்ற வரிசைதான் தப்பு.

எனக்கு அந்த ஹெட் லண்டன்ல இருக்க மச்சான் மூலமா வந்தது, கார்கோ செலவு அவன் தலையில, இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காமிக்கறான். வந்த அன்னிக்கே பட்டறைக்குத் தூக்கிட்டுப் போயி 60 தௌ எடுங்கன்னேன், லேத்காரரும் கண்ணாடி மாதிரி எடுத்துக் குடுத்தாரு, அவர் மேல ஒரு தப்பும் இல்ல. சாயங்காலமே மாட்டி, பிளக் கூடக் கழட்டாம, ஸ்பேனர் போட்டு கிராங்க்கைக் கையால ஒரு சுத்து சுத்திப் பாக்காம நேரா செல்ஃப் அடிச்சேன். டங்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான். ரெண்டு வால்வ் வளைஞ்சுது, ஒரு புஷ்ராடு (வால்வைத் தொறக்கத் தள்ளுற கம்பி) வில்லு மாதிரி ஆயிடுச்சு.

ஏன்னா அந்த வால்வ் 80 மிமீ போருக்குள்ள எறங்கறதுக்குன்னு வெச்சது. 73 மிமீ பிளாக்ல அதோட ஓரம் போருக்கு வெளியில வந்து, தொறக்கும்போது நேரா பிளாக் மேல இடிக்குது. ஹெட்ல 60 தௌ, அதாவது ஒன்றரை மிமீ சீவினா வால்வ் அதே ஒன்றரை மிமீ பிளாக்கை நெருங்கிடும். கம்ப்ரஷனுக்காக நான் சீவினது முழுக்க இடிக்கறதுக்கு வழி பண்ணிக் குடுத்துருக்கு! மினி வெச்சிருக்கவங்களுக்கு இது பழைய கதை, 1275 சிசி ஹெட்டை 998 சிசி பிளாக்ல போட்டா எக்ஸாஸ்ட் வால்வுக்கு பிளாக்ல பள்ளம் வெட்டணும்.

நானும் கடைசில வெட்டினேன். ஆனா பிளாக் வண்டிக்குள்ள இருக்கும்போது கிரைண்டர் வெச்சா இரும்புத்தூள் போருக்குள்ள போகும், அதனால இன்ஜினை எறக்கி, பிரிச்சு, வெட்டி, கழுவி, புது ரிங் போட்டு, ரெண்டு மாசம் ஆட்டோல சுத்தினேன். நெனைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

அரைமணி நேர வேலை இது: புது கேஸ்கட்டைப் போட்டு ஹெட்டை உக்கார வெச்சு, வால்வ் ஸ்பிரிங் இல்லாம ஒவ்வொரு வால்வையும் விரலால அமுக்குங்க. டக்னு எங்க நிக்குதுன்னு டயல் கேஜ் வெச்சு அளந்து, உங்க கேம் வால்வை எவ்ளோ தூக்குதுன்னு பாருங்க. அந்த வித்தியாசத்துக்குள்ளதான் பேஸிங். பத்தலைன்னா பிளாக்ல அரை நிலா மாதிரி வெட்டணும், அதுவும் பிஸ்டன் உச்சியில இருக்கப்ப மேல் ரிங் நிக்கற இடத்துக்குக் கீழ ஒரு நூல் கூட எறங்கக் கூடாது.

சின்ன போர் கேஸ்கட்

73-க்கான கேஸ்கட்டை எம்ஜிபி சேம்பருக்கு அடியில போட்டா வளையத்தோட ஓரம் நெருப்புக்குள்ள நீட்டிட்டு நிக்கும், சிவக்கச் சூடாகி ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோலைப் பத்த வைக்கும். வெயில்ல கிண்டி சிக்னல்ல நின்னு சாவியை எடுத்தும் இன்ஜின் டுக்குடுக்குன்னு ஓடினா முதல்ல இதைச் சந்தேகப்படுங்க. பெரிய போர் கேஸ்கட்டை வாங்கி, தண்ணி ஓட்டை, ராக்கருக்கு (புஷ்ராடு தள்ளினா வால்வை அமுக்குற கட்டை) ஆயில் ஏறுற ஓட்டை எல்லாத்தையும் பிளாக்கோடயும் ஹெட்டோடயும் ஒண்ணொண்ணா ஒத்துப் பாருங்க. ஜி.பி. ரோட்டுல கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்"ம்பாரு. ஒண்ணு இல்ல.

புஷ்ராடு

சீவி ஹெட் எறங்கினா பழைய புஷ்ராடு நீளமாத் தெரியும், ராக்கர் கோணல்ல உக்காந்து வால்வ் கைடைத் தேய்க்கும். டேப்பெட் ஸ்க்ரூவை வெச்சே சமாளிச்சுடலாம்னு பாக்காதீங்க. ராக்கர் தாங்கிக்கு அடியில ஷிம் வைங்க, இல்ல குட்டை புஷ்ராடு போடுங்க.

வால்வ் சீட்

ஈயம் கலந்த பெட்ரோல் நம்ம ஊர்ல 2000-த்தோட போச்சு, வால்வ் உக்கார்ற சீட் தேயாம பாத்துக்கிட்டது அந்த ஈயம்தான். ஹெட் பட்டறையில இருக்கும்போதே எக்ஸாஸ்டுக்கு ஹார்டு சீட் போட்டுடுங்க, அப்புறம் கழட்டினா இன்னொரு கேஸ்கட் தண்டம்.

பழைய ரப்பர் ஹோஸ்

இப்ப வர்றது இ20 பெட்ரோல், 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பரை அரிச்சுடும். மாத்துங்க.

அந்தத் தம்பி அங்கேயே லேத்துக்கு போன் போட்டான். 20 தௌ போயிருந்துச்சு. நிறுத்தச் சொல்லிட்டு, டயல் கேஜ் இருக்காண்ணேன்னான். என்னோடதைக் குடுத்திருக்கேன், இன்னும் திரும்பி வரல.