சிக்கு விழாமல் வீச: பெய்ட்காஸ்டர் ரீலில் பிரேக் சரிசெய்யும் முறை

மீன்பிடிக்கும் தூண்டில் கோலில் பொருத்தும் பெய்ட்காஸ்டர் ரீல் வாங்கியவர்களில் பலர், சில நாட்களிலேயே அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பழைய ஸ்பின்னிங் ரீலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காரணம் சிக்கு. ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் அசைவதில்லை. நரம்பு அதன் விளிம்பிலிருந்து உருவிக்கொண்டு போகிறது. பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழன்று நரம்பைக் கொடுக்கிறது. காற்றில் போகப் போக லூரின் (செயற்கை இரையின்) வேகம் குறையும். ஸ்பூலோ எடுத்த வேகத்தை அவ்வளவு சீக்கிரம் விடாது. வெளியே போகும் நரம்பைவிட அவிழும் நரம்பு அதிகமானால் சிக்குதான். பிரேக் இருப்பது ஸ்பூலை லூரின் வேகத்துக்கு இறக்குவதற்காக.

எதைத் திருகுவது?

ரீலில் திருகுவதற்கு மூன்று இடங்கள் உண்டு. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கைப்பிடியை ஒட்டி நட்சத்திர வடிவில் இருப்பது டிராக். மீன் இழுக்கும்போது நரம்பு எவ்வளவு இறுக்கத்தில் வெளியேற வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. வீச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே பக்கத்தில் உள்ள சிறிய வட்டக் குமிழ், ஸ்பூலின் அச்சை ஓரத்திலிருந்து அழுத்தும் டென்ஷன் குமிழ். எதிர்ப்பக்கத் தகட்டில், பெரும்பாலும் எண்களுடன், இருப்பதுதான் பிரேக்.

பழகுவதற்கு முன்

ஆற்றங்கரைக்குப் போக வேண்டாம். புல் உள்ள மைதானம் போதும். தூண்டில் முள் இல்லாத 14 கிராம் எடை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கோலில் அச்சிட்டிருக்கும் எடை வரம்புக்குள் அது இருக்க வேண்டும். 7 கிராமுக்குக் குறைந்த எடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், ஸ்பூலைச் சீராக இழுக்க அதற்குத் தெம்பு போதாது. பிரேய்டு (பின்னல் நரம்பு) வேண்டாம், சாதாரண தங்கூஸ் நரம்பே நல்லது. சிக்கினாலும் பிரிக்க எளிது, விலையும் குறைவு. ஸ்பூலின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே வரை சுற்றினால் போதும்.

படி 1: டென்ஷன் குமிழ்

குமிழை நன்றாகத் தளர்த்திவிட்டு, கட்டைவிரலால் ஸ்பூலை இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். லேசாக ஆடும், ‘டக்’ என்று ஒலியும் கேட்கும். அந்த ஆட்டம் நிற்கும் வரை மெல்ல இறுக்குங்கள். அனுபவசாலிகள் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். முதல் சில நாட்களுக்கு நீங்கள் இன்னும் கொஞ்சம் இறுக்கலாம்: கோலைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஸ்பூலை விடுவிக்கும் பொத்தானை அழுத்தி எடையைக் கீழே விடுங்கள். அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் தானாக நின்றால் சரி.

இந்தக் குமிழையே பிரேக்காகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இதன் அழுத்தம் வீச்சின் முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை ஒரே மாதிரி இருக்கும். தேவையில்லாத நேரத்திலும் இழுத்துப் பிடித்து, தூரத்தைத் தின்றுவிடும்.

படி 2: பிரேக்

உங்களிடம் உள்ளது காந்தப் பிரேக்கா, மையவிலக்குப் பிரேக்கா என்று முதலில் பாருங்கள்.

காந்தப் பிரேக்கில் காந்தங்கள் ஸ்பூலைத் தொடுவதே இல்லை. அலுமினியம் காந்தத்துக்கு அருகே சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியை எதிர்க்கிறது. வீட்டுச் சுவரில் இருந்த பழைய மின்மீட்டரின் அலுமினியத் தட்டு தறிகெட்டுச் சுற்றாமல் இருந்ததும் இதே போன்ற ஒரு காந்தத்தால்தான். பத்து வரை எண் இருந்தால் எட்டில் தொடங்குங்கள்.

மையவிலக்குப் பிரேக்கில் சிறிய பிளாஸ்டிக் கட்டைகள் வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். பல ரீல்களில் பக்கத் தகட்டைக் கழற்றித்தான் இவற்றை மாற்ற முடியும். துணியை விரித்து, அதன்மேல் வைத்துக் கழற்றுங்கள். ஆறு கட்டைகள் இருந்தால் நான்கை இயக்கத்தில் வையுங்கள். எதிரெதிரான ஜோடிகளாகவே தேர்ந்தெடுங்கள், ஒரே பக்கமாக வைத்தால் ஸ்பூல் சமநிலை இழந்து அதிரும். இந்த வகையில் உரசல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் வீச்சின் தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, வேகம் குறையும்போது சட்டென்று விட்டுவிடும். காந்தம் வீச்சின் நடுவிலும் ஓரளவு பிடித்துக்கொண்டே வரும்.

படி 3: வீசிப் பார்ப்பது

ரீலின் கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, வெட்டி இழுக்காமல் சீராக வீசுங்கள். எடை பறக்கும்போது அதைப் பார்க்காதீர்கள், ஸ்பூலைப் பாருங்கள். நரம்பு படிந்து ஓடுகிறதா, அல்லது மேல் சுற்றுகள் பஞ்சு போல மெல்லக் கிளம்புகின்றனவா? எதுவுமே கிளம்பாமல் எடை சீக்கிரமே விழுந்தால் பிரேக் அதிகம். ஒரு எண் குறையுங்கள். சில வீச்சுகளுக்குப் பிறகு இன்னொன்று. சுற்றுகள் லேசாகக் கிளம்பி, விரல்நுனி பட்டதும் படிந்துவிடும் இடம்தான் உங்களுக்கான அளவு. குறைப்பதைப் பிரேக்கில் மட்டுமே செய்யுங்கள். குமிழையும் சேர்த்துத் திருகினால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

சிக்கு எப்போது விழுகிறது என்பதிலேயே விடை இருக்கிறது. வீசியவுடனே விழுந்தால் வீச்சில் வெட்டு இருக்கிறது, அல்லது பிரேக் குறைவு. நடுவழியில் விழுந்தால் காற்று, பிரேக்கைக் கூட்டுங்கள். எடை விழுந்த பிறகு என்றால் பிரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. அது தரையையோ தண்ணீரையோ தொடுவதற்குச் சற்று முன் கட்டைவிரலால் ஸ்பூலை நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. இதை எந்த எண்ணும் உங்களுக்காகச் செய்யாது.

லூரின் எடை மாறினால் படி 1-லிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். காற்றுக்கும் கணக்கு உண்டு. சென்னைக் கடற்கரையில் கோடைக்கால அதிகாலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து வீசும். கடலை நோக்கி வீசுபவருக்கு அது துணை. பிற்பகலில் கடற்காற்று வந்துவிட்டால் அதே லூருக்கு ஒன்றிரண்டு எண் கூட்டவேண்டியிருக்கும்.

சிக்கு விழுந்துவிட்டால்

பிய்த்து இழுக்காதீர்கள், முடிச்சு இறுகிவிடும். டிராக்கை நன்றாக இறுக்கி, கட்டைவிரலால் சிக்கின்மேல் பலமாக அழுத்தியபடி கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு நரம்பை மெல்ல உருவினால், பெரும்பாலான சிக்குகள் தாமாகவே அவிழ்ந்து வரும். வராவிட்டால் இன்னொரு முறை. அவிழ்ந்ததும் டிராக்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, நரம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். மடிந்தோ வெளுத்தோ இருக்கும் இடம் தட்டுப்பட்டால், அதுவரை உள்ளதை வெட்டி எடுத்துவிட்டு லூரை மறுபடி கட்டுங்கள்.