கையுறை போட்டால் கை சுத்தமாகிவிடாது: விடுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்கள் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளையே வைத்தியசாலை விடுதிக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு அணி மாணவத் தாதியரும் செய்வதைப் பார்க்கிறேன். கழிப்பறைக்குப் போய் வந்தால் கை கழுவ வேண்டும், நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும் என்பவற்றை யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. படித்துத் தேறியவர்களும் தவறென்று உணராமல் செய்பவை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவி என்று எங்கே கடமைக்குப் போனாலும் இவை உங்களுக்கு உதவும்.

ஒரே கையுறையுடன் கட்டில் கட்டிலாகப் போவது

இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. காலையில் ஒரு சோடி கையுறையை மாட்டுகிறார்கள். அதனுடனே சிறுநீர் சேரும் பையை வெறுமையாக்குகிறார்கள், திரைச்சீலையை இழுக்கிறார்கள், சேலைன் வேகத்தைத் திருத்துகிறார்கள், கட்டில் அட்டையில் எழுதுகிறார்கள், பிறகு அடுத்த கட்டிலுக்குப் போகிறார்கள். கையுறை அணிந்தவரின் தோலைக் காக்கிறது. அடுத்த நோயாளிக்கு அது கழுவாத கைதான். வெறுங்கையில் பிசுபிசுப்புப் பட்டால் உடனே கழுவத் தோன்றும்; உறை அந்த உணர்வையும் மறைத்துவிடுகிறது.

பெரும்போக அறுவடைக் காலம். வயலில் காலை வெட்டிக்கொண்ட ஒருவருக்கு நீரிழிவும் இருந்ததால் புண் சீழ் பிடித்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் வயிற்றோட்டத்துக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்த முதியவர். புதிதாக வந்த தாதி ஒருவர் புண்ணுக்கு மருந்து கட்டி முடித்து, அதே உறையுடன் முதியவரின் கனுலாவில், அதாவது நாளத்தில் செருகியிருந்த சிறு குழாயில், ஊசிமருந்து ஏற்றத் திரும்பினார். முதியவர் கையை இழுத்துக்கொண்டு, “பிள்ளை, அந்தப் புண்ணைத் தொட்ட உறைதானே இது?” என்று கேட்டார். “கையுறை போட்டிருக்கிறேன், ஐயா” என்று பதில் வந்தது. நான் இடையில் புகுந்து நிறுத்தினேன்.

அப்படிக் கேட்பவர்கள் குறைவு. மிஸி செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையை நீட்டுபவர்களே எங்கள் பகுதியில் அதிகம். கனுலாவின் வாயால் நுழையும் கிருமிக்குத் தோல் என்ற தடை கிடையாது. நேரே இரத்தத்தில் கலக்கிறது. வீட்டுக்குப் போகும் நாளில் நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது, கனுலா இருந்த இடம் சிவந்து வீங்குகிறது, புதிதாக நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குகிறது. அரச வைத்தியசாலையில் மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை என்பது உண்மைதான். ஆனால் விளைந்த நெல் காத்திருக்காது. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி வந்து துணைக்கு நிற்கும் மகளின் நாட்கூலியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

ஒரு நோயாளி, ஒரு வேலை, ஒரு சோடி உறை. ஒரே நோயாளியிடமும் புண்ணிலிருந்து கனுலாவுக்குப் போவதானால் உறையைக் கழற்றிக் கையைச் சுத்தம் செய்யுங்கள். உறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். வியர்த்த தோலில் கிருமி பெருகும். கழற்றும்போது வெளிப்பக்கம் மணிக்கட்டில் படும். அதனால்தான் கழற்றிய பின்னும் கை சுத்தம் கட்டாயம். இரத்த அழுத்தம் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் பொதுவாக உறையே தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்கள் உங்களுக்கு மனப்பாடம்: நோயாளியைத் தொடுமுன், தொற்றுநீக்கிச் செய்யும் வேலைக்கு முன், உடற்திரவம் பட நேர்ந்த பின், நோயாளியைத் தொட்ட பின், அவரது சுற்றுப்புறத்தைத் தொட்ட பின். உறை போட்டிருந்தாலும் இந்த ஐந்தில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

உறையின் விரல்நுனியைக் கிழிப்பது

கனுலா போடும்போது நாளம் பிடிபடவில்லை என்று சுட்டுவிரல் நுனியைக் கிழித்துத் தடவுகிறார்கள். நாளத்தை முதலில் தேடுங்கள். பிறகு தோலைத் துடையுங்கள், காயவிடுங்கள். துடைத்த இடத்தை மீண்டும் தொடாதீர்கள்.

மூன்று செக்கனில் தேய்த்து முடிப்பது

அற்ககோல் திரவத்துக்கு 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன் வேண்டும். உள்ளங்கையை எல்லோரும் தேய்க்கிறார்கள். பெருவிரலும் விரல்நுனிகளும்தான் தவறிப்போகின்றன. நோயாளியை அதிகம் தொடுவதோ அந்த நுனிகள். கையில் அழுக்குத் தெரிந்தாலோ, வயிற்றோட்ட நோயாளியைப் பார்த்திருந்தாலோ சவர்க்காரம் போட்டே கழுவுங்கள். சில கிருமிகளின் வித்திகளை அற்ககோல் கொல்லாது.

ஓகஸ்ட், செப்டெம்பர் வரட்சியில் குழாய் வற்றினால் ஒரு பேசினில் தண்ணீர் பிடித்துவைத்து ஆளுக்காள் கை முக்குவார்கள். அது கழுவுதல் ஆகாது. கடைசியாக முக்குபவர் மற்ற எல்லோருடைய அழுக்கையும் எடுத்துப்போகிறார். குழாய் பொருத்திய வாளி வையுங்கள், அல்லது ஒருவர் ஊற்ற மற்றவர் கழுவுங்கள்.

அற்ககோல் போத்தலில் தண்ணீர் கலப்பது

உலக சுகாதார நிறுவனத்தின் ஒரு கலவையில் எதனோல் என்ற அற்ககோல் 80 சதவீதம். 60 சதவீதத்துக்குக் கீழே போனால் கிருமியைக் கொல்லும் வலு குறைந்துவிடும். முடியப்போகிறது என்றால் களஞ்சியத்தில் கேளுங்கள். சவர்க்காரத் திரவப் போத்தலிலும் மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள். கழுவி, காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

மோதிரம், கைக்கடிகாரம்

கடமை தொடங்குமுன் கழற்றுங்கள்.

கழுவுமிடத்தில் தொங்கும் பொதுத் துவாய்

அகற்றுங்கள்.

துணைக்கு நிற்பவரை மறப்பது

எங்கள் விடுதிகளில் பாதிப் பராமரிப்பைச் செய்பவர் நோயாளியின் மனைவியோ மகளோதான். உடம்பு துடைப்பதும், சிறுநீர்ப் பையை ஊற்றுவதும், சோறு ஊட்டுவதும் அவரே. அவரை அதட்டி வெளியே அனுப்புவதற்கு எடுக்கும் நேரம் போதும், கற்றுக்கொடுக்க. “அம்மா, பையை ஊற்றினால் கையைக் கழுவிவிட்டுத்தான் சோற்றைத் தொட வேண்டும்” என்று சொல்லி, ஒருமுறை கூடவே நின்று கழுவிக் காட்டுங்கள். பையைக் கட்டிலின் மேல் தூக்கி வைக்கக் கூடாது, அது எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்திலும் முட்டக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஊற்றும் பாத்திரம் அந்த ஒரு நோயாளிக்கு மட்டுமே.